பெயரில்லாத பொத்தான்கள்

நாத்தனாரைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுதப் போகிறேன் என்றதும் என் தங்கை சிரித்தாள். சிரிக்கட்டும். கல்யாணமான புதிதில் நான் பிறந்த வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தியதெல்லாம் இவளைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அப்போதெல்லாம் கோபம் வரக் காரணமே வேண்டாம். இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது பார்வையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அக்கா, அதாவது என் நாத்தனார், அவரைவிட எட்டு வயது மூத்தவள். தம்பிக்குக் கண்ணாக இருந்து வளர்த்தவள் என்று சொந்தக்காரர்கள் யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கண்ணு கிண்ணுன்னு சொல்லாதீங்க. எனக்கு இருக்கற ரெண்டுமே சோடாபுட்டிக்குப் பின்னாடிதான் இருக்கு" என்பாள்.

ஆனால் செய்தது என்னவோ அதைத்தான். பாடப் புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். படம் வந்தால் ‘மரத்தடியில் ஒரு பையன்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்ட மாட்டாளாம். பையனுக்கு எந்தக் காலில் செருப்பு இல்லை என்பதுவரை சொல்வாளாம். அப்பா ஓர் ஆணி கேட்டால் பெட்டியையே கவிழ்த்து, நீளவாரியாகப் பிரித்து, கேட்ட ஆணியை எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தையும் அடுக்கி வைப்பாளாம். தம்பி அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தது அப்படித்தான். அவருக்கு இப்போது நாற்பதை நெருங்குகிறது. கைப்பேசியில் அக்கா கூப்பிட்டால் அது இன்னும் "சல்லடை அழைக்கிறது" என்றுதான் சொல்கிறது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எதையும் சொல்லாமல் நகர்த்தக் கூடாது. நாற்காலி சுவரோரம் என்றால் சுவரோரம்தான். சமையலறை அலமாரியில் இடமிருந்து மூன்றாவது டப்பா உப்பு, நான்காவது சர்க்கரை. இது தெரியாமல் புது மருமகள் நான் பெரிய சீர்திருத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்தேன். மறுநாள் காலை அவர் உப்புப் போட்ட காப்பியை முகம் சுளிக்காமல் குடித்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் பங்குக்கும் சேர்த்து அக்கா சொன்னாள். நான் மூட்டையைக் கட்டினேன். பிறகு என் அம்மாவே என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் மாடியில் இருக்கிறாள், சாப்பாடு கீழே எங்களோடு. அவளுடைய வேலை என்னவென்று எனக்குப் பல காலம் புரியவில்லை. முதலில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். முதலாளி ஒருநாள், நமக்கும் இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும், யாராவது செய்யுங்கள் என்றாராம். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். இவள் மட்டும் கணினியைப் பார்த்தாள். அதோடு மாட்டிக்கொண்டாள். இப்போது டயர் கடைக்கு மேலே ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசம், மூடினால் புழுக்கம். கடைகளுக்கும் பல் மருத்துவர்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுக்கிறார்கள். பக்கத்தில் எதை அழுத்தினால் எது நடக்க வேண்டும் என்பதை எழுதுவது அவள் பொறுப்பு.

நான் திரைச்சீலை தைக்கிறவள். எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொன்னாள்.

"பக்கத்துல இருக்கற ஒண்ணை ஏதாவது செய்யணும்னா, மொதல்ல அதைப் பிடிக்கணும். சிலதுக்குத் தனக்குன்னு தனிப் பேரு இருக்கும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வந்துடும். சிலது கூட்டமா இருக்கும். பச்சைச் சட்டை போட்டவங்க எல்லாம் வாங்கன்னு கூப்பிடணும். ரெண்டும் இல்லைன்னா, வாசல்லேருந்து மூணாவது ஆளு வாங்கன்னு இடத்தைச் சொல்லிக் கூப்பிடணும். பிடிக்கறதுதான் பாதி வேலை. அப்புறம் செய்யறது ஒண்ணுமில்ல."

"இதுக்கா மாசாமாசம் சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி அறையில் வேலை. ஜன்னல் இல்லாத அறை, ஒரு சுவர் விசிறி, மூன்று நாற்காலிகள். அவருடைய மேசை விளிம்பில் அவரே ஒட்டிய தடித்த நாடா ஒன்று இருக்கும், கை வைத்ததும் இடம் தெரிய. நோயாளிகள் கூப்பிடுவார்கள், இவர் மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுப்பார். கணினித் திரையில் இருப்பதை ஒரு மென்பொருள் அவர் காதில் வாசிக்கும். எந்த மருத்துவர் எந்தக் கிழமை வருவார், யார் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார் எல்லாம் அவருக்கு அத்துபடி. "நிதானமா பேசுவாரே, அவரைக் குடுங்க" என்று கேட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. நான் கேட்டால் மட்டும் அந்த நிதானம் எங்கே போகிறதென்று தெரியாது, அது வேறு கதை.

அந்த மருத்துவமனை பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தது. பார்க்க அழகாக இருக்கிறதாம். எழுத்தே கிடையாது, எல்லாம் படம். சரி என்பதற்கு ஒரு குறி, ரத்துக்கு ஒரு பெருக்கல் குறி, தேடலுக்கு ஒரு பூதக்கண்ணாடி. அன்று அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"பொத்தான், பொத்தான், பொத்தான்னு சொல்லிட்டே இருக்கு. என்ன பொத்தான்னு சொல்ல மாட்டேங்குது" என்றார்.

படத்துக்குப் பின்னால் ஒரு பெயர் எழுதி வைத்திருந்தால் அவர் மென்பொருள் அதை வாசித்திருக்கும். செய்தவர்கள் எழுதவில்லை. அந்த அறைக்குப் பொறுப்பான நிர்வாகி அம்மா நல்ல மனுஷிதான். மாதக் கடைசிவரை முயன்று பாருங்கள், முடியாவிட்டால் வாசலில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன், வருகிறவர்களை வரவேற்கலாம், சம்பளம் குறையாது என்றிருக்கிறார்.

"சிரிச்சுட்டு உக்காந்திருக்கணுமாம்" என்றார் இவர். "எந்தப் பக்கம் பாத்துச் சிரிக்கறதுன்னு கேக்கலாம்னு நெனச்சேன்."

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அந்த வேலை அவருக்குச் சோறு போடுகிற வேலை மட்டுமல்ல. அங்கேதான் அவரிடம் மற்றவர்கள் உதவி கேட்பார்கள். மற்ற இடங்களில் எல்லாம் அவருக்கு உதவி செய்ய வந்து நிற்பார்கள். எனக்கு நேரே போய் அந்த அம்மாவிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் போலிருந்தது. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பழகிக்கறதுக்குன்னு மாதிரிப் பக்கம் ஏதாவது குடுத்திருக்காங்களாடா?"

கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் துணி வெட்டுகிற மேசையில் பாதியை அக்கா பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பொத்தான்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெயர் எழுதுகிற ஒரு சின்ன நிரலை எழுதினாள். அதை அவருடைய உலாவியில் புக்மார்க் மாதிரி ஒரு குறியாகச் சேமித்து வைத்தால், பக்கம் திறந்ததும் அவர் அதை ஒருமுறை ஓட்டினால் போதுமாம்.

முதல் தடவை ஓட்டியதும் காது கொடுத்துக் கேட்டவர், "ஒண்ணுதான் பேசுது. மத்ததெல்லாம் பழைய மாதிரி பொத்தான்தான்" என்றார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "குவெரி செலக்டர்ங்கற கட்டளை போட்டா மொதல்ல கண்ணுல படற ஒண்ணை மட்டும் கொண்டுவந்து நீட்டும். மத்ததும் இருக்குன்னு வாயே தெறக்காது. கூட ‘ஆல்’னு சேத்துக் கேக்கணும்."

"உங்க தம்பி மாதிரி" என்றேன். "கடைக்கு அனுப்பினா மொதல்ல சொன்ன சாமானை மட்டும் வாங்கிட்டு வருவாரு."

இரண்டாம் தடவை எல்லாம் பேசின. தேடு, புதியவர், அச்சிடு, ரத்து செய், உறுதி செய் என்று வரிசையாக அவர் காதில் விழுந்தது. முதல் பொத்தான் தேடு, இரண்டாவது புதியவர், மூன்றாவது அச்சிடு என்று அக்கா வரிசை எண்ணைப் பிடித்துத்தான் பெயர் வைத்திருந்தாள். உப்பு மூன்றாவது, சர்க்கரை நான்காவது என்கிற அதே முறை. யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எங்கள் வீடே அப்படித்தானே நடக்கிறது. அவர் திங்கட்கிழமை வேலைக்குப் போனார், பழைய வேகம் வந்துவிட்டது. மாதக் கடைசி வந்து போயிற்று, வாசல் நாற்காலிப் பேச்சு அடங்கிற்று. நான்கூட அக்காவுக்கு மாடி அறைக்கு ஒரு திரைச்சீலை தைத்துக் கொடுத்தேன், மிச்சத் துணியில்தான் என்றாலும்.

பிறகு ஒருநாள் அவரை நடுவேலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதய மருத்துவரைப் பார்க்க ஒரு பெரியவர், மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயரே இல்லை. ரத்து ஆகியிருக்கிறது. ரத்து செய்தது யார் என்று பார்த்தால் என் வீட்டுக்காரர். தோண்டிப் பார்த்தால் அன்று காலை அவர் உறுதி செய்த அத்தனை பேரும் ரத்தாகியிருக்கிறார்கள். பெரியவரை மருத்துவர் எப்படியோ மாலையில் பார்த்துவிட்டார். மற்றவர்களை தொலைபேசி அறையில் இவரோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு மறுபடி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தொலைபேசி அறையில் இனி இடமில்லை என்று நிர்வாகி அம்மா சொல்லிவிட்டார்.

"உறுதி செய்னு சொல்லுச்சு, அழுத்தினேன்" என்று மட்டும் இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "நிச்சயமான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்."

எதை என்று சொல்லாமல் நிச்சயமா என்று மட்டும் கேட்கிற பக்கத்தை என்னவென்று சொல்வது. அக்கா வேலையிலிருந்து வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். உங்கள் சல்லடையால் வந்த வினை என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். சத்தம் தெருவரை போயிருக்கும். அவள் மாதிரிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேல அச்சிடுக்கு அடுத்தாப்பல புதுசா ஒரு மணி படம் வந்திருக்கு. அறிவிப்புக்கு" என்றாள். "ஒண்ணு நடுவுல வந்ததும் அதுக்கப்புறம் இருக்கறது எல்லாமே ஒரு இடம் தள்ளிப் போயிடுச்சு. நான் உறுதின்னு வச்ச பேரு ரத்து மேல போய் உக்காந்துடுச்சு."

பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "நம்ம வீட்டுல யாரும் சொல்லாம எதையும் நகத்த மாட்டாங்க. அது நம்ம வீடில்லைங்கறதை மறந்துட்டேன்."

நான் திட்டுவதை நிறுத்திவிட்டு அவளுக்குக் காப்பி போடப் போனேன்.

மறுநாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். சண்டை என்று வந்தால் ஆள் வேண்டும் என்று நானும் கூடப் போனேன். வாயைத் திறந்தால் திரும்பிப் பேருந்தில் ஏற்றிவிடுவேன் என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

நிர்வாகி அம்மாவின் முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள். "என் தம்பி தப்பா அழுத்தலைங்க. சரியான பேரைத்தான் அழுத்தினான். பொத்தானுக்குத் தப்பான பேரு வச்சது நான்."

"உங்களை யாருங்க அந்தப் பக்கத்துல கைவைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. கேக்காம செஞ்சது தப்புதான்."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு பெரியவரு உயிர் சமாச்சாரம். மறுபடி இப்படி நடந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. எனக்கே அந்த அம்மா பக்கம் சாயலாமா என்றிருந்தது. அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னாள். ஒரு வாரம் கொடுங்கள், வேறு மாதிரி எழுதி வருகிறேன், உங்கள் கண் முன்னால், மாதிரிப் பக்கத்தில், நீங்கள் திருப்தி என்று சொன்னால் மட்டும் அவன் உட்காரட்டும் என்றாள். இன்னொன்றும் கேட்டாள். பக்கத்தைச் செய்த நிறுவனத்தில் யாரிடமாவது பேச வேண்டும், பெயர்களை அவர்களே எழுதிவிட்டால் என் நிரலே தேவைப்படாது என்றாள். இவ்வளவு பாடுபட்டு எழுதியதை வேண்டாமென்று ஆக்க இவளே வழி கேட்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வாயைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு, அதனால் திறக்கவில்லை.

அந்த வாரம் என் வெட்டு மேசை முழுவதும் அவள் கைக்குப் போயிற்று. இந்தத் தடவை இடத்தைப் பார்க்கவில்லை. பொத்தானுக்குள்ளே என்ன படம் இருக்கிறது என்று பார்த்துப் பிடித்தாள். பெருக்கல் குறியை வைத்திருக்கிறவன் எங்கே நின்றாலும் ரத்துதான். அது எந்த நோயாளியின் வரிசையில் நிற்கிறது என்றும் பார்த்து, அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வைத்தாள். தெரியாத படம் ஏதாவது வந்தால் ஊகம் பண்ணக் கூடாது, தெரியாது என்றே சொல்ல வேண்டும் என்று எழுதினாள். கடைசியாக, பெயரில்லாமல் எத்தனை பொத்தான் கிடைத்தது என்று கணக்கும் சொல்லும்.

சோதனை நாளில் அந்த ஜன்னலில்லாத அறையில் நாங்கள் எல்லாரும் நெருக்கி நின்றோம். என் வீட்டுக்காரர் காதில் மாட்டாமல் ஒலிபெருக்கியில் வைத்துவிட்டார், எல்லாருக்கும் கேட்க. நிரலை ஓட்டியதும், பெயரில்லாத பொத்தான்கள் நாற்பத்தேழு என்றது. நிர்வாகி அம்மா புருவத்தைத் தூக்கினார். நாற்பத்தேழு என்று அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

அக்கா சொன்னாள்: "இப்ப நான் மேல ஒரு பொய்ப் பொத்தானைச் சேக்கறேன். அவன்கிட்ட சொல்ல மாட்டேன்." சேர்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அவர் நிரலை மறுபடி ஓட்டிவிட்டு விசையைத் தட்டினார். "தெரியாத பொத்தான், அழுத்த வேண்டாம்" என்றது கணினி. அதற்கடுத்து தேடு, புதியவர், அச்சிடு எல்லாம் தத்தம் பெயரோடு வந்தன. மாதிரி நோயாளி ஒருவர் பெயரைச் சொல்லி, ரத்து செய் என்றது. அடுத்து அதே பெயரைச் சொல்லி, உறுதி செய் என்றது. நிர்வாகி அம்மாவே குனிந்து வேறொரு மாதிரி நோயாளியை நடுவில் செருகிப் பார்த்தார். அப்போதும் பெயர் பிசகவில்லை.

"திங்கட்கிழமை வாங்க" என்றார் அந்த அம்மா. "ஆனா நிறுவனம் சரிசெய்யற வரைக்கும் ஒவ்வொரு உறுதியையும் நோயாளிகிட்ட ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிடுங்க."

இவர் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

நிறுவனத்தில் இந்தப் பக்கத்தைச் செய்தது ஒரு பெண். அக்கா அவளோடு தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசினாள், பின்னணியில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருக்கும். "எங்க யார் கண்ணுலயும் இது படலைங்க" என்று அந்தப் பெண் முதல் நாளே ஒப்புக்கொண்டாளாம். கண்ணில் நன்றாகத்தான் பட்டது, காதில்தான் விழவில்லை என்று அக்கா சிரித்தாள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று இழுத்த அவர்கள் மேலதிகாரியை இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். அக்காவுக்கு இதில் ஒரு காசு லாபமில்லை. டயர் கடை மாடியில் அவளுடைய முதலாளி, எவனோ செய்த பக்கத்துக்கு நீ ஏன் மாரடிக்கிறாய் என்று கேட்டதற்கு, சாப்பாட்டு நேரத்தில்தானே செய்கிறேன் என்றாளாம்.

புதுப் பதிப்பு வந்த அன்று என் வீட்டுக்காரர் அக்காவைக் கூப்பிட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். அறையில் அவர் நாற்காலியில் இருந்தார், நாங்கள் பின்னால் சுவரோரம் நின்றோம். அவர் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திறந்தார், நிரலை ஓட்டினார்.

"பெயரில்லாத பொத்தான்கள், பூஜ்ஜியம்" என்றது.

அவர் மறுபடி ஓட்டினார். மறுபடியும் பூஜ்ஜியம்.

"அக்கா, ஒண்ணுகூடச் சிக்கல. எல்லாம் தானே பேசுது" என்றார். "இனிமே இது வேணாமா?"

"வேணாம். எடுத்துடு."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரே அந்தக் குறியைத் தேடிப்போய் அழித்தார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தொலைபேசி வந்தது. அவர் எடுத்தார். யாரோ ஓர் அம்மா, முட்டி வலி. இவர் தேடினார், மருத்துவரைச் சொன்னார், கிழமையைச் சொன்னார். கணினி அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி, உறுதி செய் என்றது. இவர் அழுத்தினார். "உறுதி பண்ணிட்டேன்மா, வியாழக்கிழமை, பத்து மணி, நிதானமா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். நாங்கள் நிற்பதையே மறந்துவிட்டார்.

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"பாத்தியா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "அது என்ன, இது என்னன்னு என்னை ஒண்ணுமே கேக்கல."

ஆறு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். அவள் அங்கேயே, அந்தச் சுவர் விசிறிக்குக் கீழே நின்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் சத்தம் போடாமல் வெளியே வந்து, கதவை முன்பு இருந்தபடியே பாதி திறந்து வைத்துவிட்டுப் பேருந்து பிடித்தோம்.